பலகைக்குக் கீழே இன்னொரு கை

தனுஜாவின் வலது பெருவிரலில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். காந்தத்தைக் கைப்பிடிக்குள் வைத்து அழுத்துகிற விரல் அது. அக்குறணையில் மஹ்ரூப் என்பவருடைய மரப் பட்டறையில், வாசல் வெளிச்சம் விழுகிற மேசையில் உட்கார்ந்து, கடைந்த கைப்பிடிகளின் தலைக் குழியில் ஒரு துளி பசை விட்டு, சில்லறைக் காசு அளவுள்ள காந்தத்தை அதில் பதிப்பாள். காந்தத்துக்கு இரண்டு முகம். ஒன்று இழுக்கும், மற்றது தள்ளும். இழுக்கிற முகம் மேலே வர வேண்டும். அந்த வேலையில் தேவைப்படுகிற கவனம் அவ்வளவுதான்.

கைப்பிடி ஒரு விளையாட்டுப் பலகைக்கானது. தேநீர்த் தட்டைவிடச் சற்றுப் பெரிய, குட்டைக் கால்களும் தாழ்ந்த விளிம்பும் வைத்த மரப் பலகை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கைப்பிடியைப் பலகைக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஆளுக்கொரு மரக் குமிழ். அதன் அடியிலும் காந்தம் உண்டு. கீழே கை போகிற பக்கமெல்லாம் மேலே குமிழ் போகும். குமிழால் சின்னப் பந்தொன்றைத் தட்டி எதிராளியின் குழியில் விழுத்தினால் வெற்றி. கண்டியில் வெளிநாட்டுக்காரர்கள் ஏறி இறங்கும் அன்பளிப்புக் கடைகளுக்காக மஹ்ரூப் இதைச் செய்ய ஆரம்பித்தார். பட்டறைப் பெண்கள் அதற்குக் 'கீழ்க்கை' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஆடினால் தெருவில் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள். தனுஜாவைத் தோற்கடிப்பது கஷ்டம். எதிராளியின் தோளைப் பார்த்தே கீழே கை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

பன்விலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள் அவள். தாய் கொழுந்து பறிக்கப் போன பகல்களில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தாள். அங்கே ஆயாவாக இருந்த பாலாம்பிகைதான் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுக் கண்டிக்கு வந்து துணிக்கடையில் நின்றாள். ஒரு சாரதியைக் கட்டினாள். அவன் கட்டாருக்குப் போனான். முதலில் காசு வருவது நின்றது, பிறகு போனும் நின்றது. அம்பிட்டியவில் சரிவான ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். பெற்றோர் இல்லை. தோட்டத்தில் அண்ணன் கஜேந்திரன் குடும்பம் இருக்கிறது. பெருநாட்களுக்குப் போய் வருவாள். மலையகத்தில் இப்படி வாழ்கிற பெண்களைக் கணக்கெடுக்க யாருக்கும் நேரமில்லை. தேர்தல் வந்தால் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

போன தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகளுக்காக ஒரு பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வார்னிஷில் குமிழி விழுந்ததால் கழித்துப் போட்ட பலகை. பிள்ளைகள் ஆடத் தொடங்கியதுமே, "அத்தை, இந்தக் கைப்பிடி தள்ளுது" என்றார்கள். வாங்கிப் பார்த்தாள். காந்தம் தலைகீழாகப் பதிந்திருந்தது. அவளே பதித்ததுதான். திருத்திக்கொண்டு வருகிறேன் என்று கைப்பையில் போட்டாள், மறந்துபோனாள். ஒரே ஒரு கைப்பிடியோடு பலகை அண்ணன் வீட்டில் கிடந்தது. இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒருவர் எப்படி ஆடுவது? பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அண்ணன் கோயில் கமிட்டியில் செயலாளர். பூத்தட்டு வைக்க உதவும் என்று அதைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தான்.

ஒரு கையால் அதை எப்படி ஆடுவது என்று அங்கே ஒருவர் கண்டுபிடித்தார்.

*

மாசி மாதத்தில் அண்ணன் போன் எடுத்தான். பட்டறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, நீ கொண்டாந்த பலகை இருக்கில்ல, அதுல அம்மன் வர்றா."

"எதுலண்ணே?"

"பலகையில. எலுமிச்சம்பழம் தானா நகருது. வீடியோ அனுப்பியிருக்கேன், பாரு. ஒங்கையால வந்த பலகை. நம்ம குடும்பத்துக்கே பெருமை."

வீடியோவைப் பார்த்தாள். கோயில் மண்டபத்தில் நடராஜா பூசாரி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்பு தேயிலை பெக்டரியில் இயந்திரம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு குறி சொல்ல ஆரம்பித்தவர். பலகை மீது வழவழப்பாக எண்ணெய் பூசியிருந்தது. பலகையைச் சுற்றிச் சிவப்புத் துணி தரைவரை தொங்கியது. குமிழின் மேல் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துக் குங்குமம் அப்பியிருந்தார்கள். பழம் நடுங்கியது, பிறகு நகர்ந்தது. அம்மன் இருக்கும் பக்கம் போகப் பார்த்து, நின்று, திரும்பி, எதிரே உட்கார்ந்திருந்தவளை நோக்கி வந்தது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. யாரோ ஒருவன், "பழத்துக்கு லைசன்ஸ் இருக்கா பூசாரி?" என்றான். சிலர் சிரித்தார்கள். "டேய் ரவிகுமார், வாய மூடு" என்று ஒரு பெண் அதட்டினாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பாலாம்பிகை.

மஹ்ரூப் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்மட சாமான் தானே?"

"ஆமா நானா."

"பூசாரிட வலது கை எங்க? காணல்லயே." அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். "தனுஜா, இந்த வீடியோவ யாருக்கும் அனுப்பாதீங்க. என்ட பட்டறையில செஞ்ச பலகையில அம்மன் வந்தான்னு நாலு பேர் செல்லுவாங்க. முஸ்லிம் ஆள் அம்மன வெச்சி ஏமாத்திட்டான்னு அஞ்சாவது ஆள் செல்லுவான். பொறகு என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும்."

அக்குறணையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் கடைகள் எரிந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தனுஜா போனை மூடினாள். மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டாள்.

*

நடந்தது இதுதான். அம்மன் கழுத்தில் இருந்த பொட்டுத்தாலியைக் காணவில்லை. கோயிலின் ஒரே தங்கம் அது. பொலிசுக்குப் போகலாமா என்று ஒரு பேச்சு வந்தது. பொலிஸ் வந்தால் லயம் என்கிற வரிசை வீடுகளில் உள்ள எல்லாக் காம்பராக்களையும் புரட்டிப் போடும், வாலிபர்களைக் கொண்டுபோகும், எது திரும்பி வரும் எது வராது என்று தெரியாது. ஆகவே அம்மனையே கேட்டுவிடலாம் என்று கமிட்டி முடிவெடுத்தது. சட்டம் ஏழைகளுக்குப் பயங்கரமாக மட்டுமே தெரிகிற இடத்தில் பூசாரிக்கு வேலை கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சந்தேகத்துக்குள்ளான ஆள் பூசாரிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பலகையின் விளிம்பில் வைக்க வேண்டும். பழம் அம்மன் பக்கம் போனால் அவர் சுத்தம். அவரை நோக்கி வந்தால் அவர்தான் கள்ளர். குறியை மூன்று முறை கேட்பது வழக்கம். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள், சாவி வாங்கிப் போகிறவள் என்பதால் பாலாம்பிகையை முதலில் உட்கார வைத்தார்கள். இரண்டு தடவையும் பழம் அவளிடம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாவது.

மூன்றாவதும் வந்தால் அவளுக்குப் பிள்ளைக்காம்பரா வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் காம்பராவும் இல்லை. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பாலாம்பிகை விதவை, பிள்ளை இல்லாதவள், பிறந்ததிலிருந்து அந்த மலையை விட்டு இறங்கி ஓர் இரவுகூட வேறெங்கும் தூங்கியதில்லை. அவளைத் துரத்தினால் அவள் போக இந்த நாட்டில் ஒரு கதவு கிடையாது.

பூசாரிக்கு அவள்மேல் என்ன பகை? ஒன்றும் இல்லை. அதுதான் பயங்கரம். பழம் யாரிடமாவது வந்தாக வேண்டும். கேட்க ஆள் இல்லாத ஒருத்தியிடம் வந்தால் கையும் வலிக்காது, பிறகு கதையும் வராது.

அன்று மாலையே தனுஜா ரவிகுமாருக்குப் போன் எடுத்தாள். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன், அண்ணன் காம்பராவுக்கு இரண்டு கதவு தள்ளித் தாயோடு இருப்பவன்.

"அது காந்தம் தம்பி. நான்தான் செய்றேன் அதை."

"அப்படி ஏதோன்னு எனக்கும் தோணுச்சு அக்கா. பேட்டரியா இருக்கும்னு நெனச்சேன்."

"துணியத் தூக்கிக் காட்டினா?"

"தூக்குறதுக்குள்ள கைய எடுத்துருவாரு. பெக்டரியில இருந்த ஆளு, கை வேகம். உள்ள கை இருக்கறப்பவே புடிக்கணும்." பிறகு அவனே வழி சொன்னான். "மூணாவது தடவைக்கு அவங்களுக்குப் பதிலா வேற ஆளு ஒக்காரலாம். அதுவும் வழக்கந்தான். நீங்க வந்து ஒக்காருங்க அக்கா. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கிறேன். நீங்க கண்ணக் காட்டுனா துணிய நான் தூக்குறேன்."

"ஒனக்குப் பயமில்லையா?"

"அம்மனுக்கா, பூசாரிக்கா?"

தனுஜா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கைப்பையின் அடியில் அந்தத் தலைகீழ்க் கைப்பிடி கிடந்தது. எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தாள். திருத்த வேண்டாம் என்று முடிவெடுத்தாள். இழுக்கிற கைப்பிடியோடு போனால் தானும் பழத்தை இங்கும் அங்கும் ஓட்டுகிற இன்னொரு பூசாரி ஆகிவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது. தள்ளுகிற கைப்பிடி யாரையும் காட்டாது. தன் விளிம்புக்குக் கீழே பிடித்திருந்தால் பழம் கிட்ட வர முடியாமல் நிற்கும். பூசாரி தள்ளிப் பார்ப்பார். அந்த நேரத்தில் துணியைத் தூக்கிவிடலாம்.

நேர்மையான யோசனை.

*

ஞாயிற்றுக்கிழமை வத்தேகமை வழியாக பஸ் ஏறிப் போனாள். தோட்டத்து வளைவில் இறங்கியபோது மலையைப் பனி மூடியிருந்தது. பகல்தான், ஆனால் லயத்தின் கடைசிக் கதவு தெரியவில்லை. வழக்கமாகக் குரைக்கிற நாய்கள்கூட அடுப்பங்கரைகளில் சுருண்டு கிடந்தன.

அண்ணன் வாசலிலேயே நின்றான்.

"நீ ஒக்காரப் போறியாமே?"

"ஆமா."

"எதுக்கு? அவ ஒனக்குச் சொந்தமா?"

"சோறு ஊட்டினவ."

"நூறு பிள்ளைக்கு ஊட்டியிருக்கா. அந்த நூறு பேரும் வந்தாங்களா?"

"அண்ணே, அது காந்தம். நான் பசை வெச்சு ஒட்டுன காந்தம். ஒனக்கே தெரியும். ஒம் புள்ளைங்க அதுல வெளையாடிச்சுங்க."

கஜேந்திரன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரியும். தெரிஞ்சா? நாந்தான் கோயிலுக்குக் குடுத்தேன். நீதான் கொண்டாந்தே. காந்தம்னு சொன்னா, அண்ணனும் தங்கச்சியும் சேந்து அம்மனை வெச்சு வித்தை காட்டினாங்கன்னுதான் சொல்லுவாங்க. நீ பஸ் ஏறிப் போயிருவே. எம் புள்ளைங்க இங்கதான் தண்ணிக் குழாய்க்குப் போகணும்."

அவன் கோழை என்று எழுதுவது எளிது. ஒரே குழாய், ஒரே பாதை, ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போடுகிற லயத்தில் தள்ளிவைப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

பாலாம்பிகை காம்பராவுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு துணி மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"என்ன ஆயா, மூட்டை?"

"மூணாவதும் வந்துட்டா ராவுல கட்ட நேரம் இருக்காதே." அவள் தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எடுக்கலடி. ஆனா ரெண்டு தடவை வந்திருச்சே. எனக்கே தெரியாம எடுத்திருப்பேனோ?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் தனுஜா மற்றக் கையால் மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். காந்தம் பழத்தை மட்டும் நகர்த்தவில்லை.

"நீ எடுக்கல ஆயா. அது பலகை. நான் பாத்துக்கிறேன், நீ ஒண்ணும் பேசாதே."

*

மண்டபம் நிரம்பியிருந்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பதில் ஆள் உட்காரலாம் என்று பூசாரி தடையில்லாமல் ஒத்துக்கொண்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"ரெண்டு கையும் விளிம்புல."

"இடது கையத்தான் வைக்க முடியும் பூசாரி. வலது கை சுளுக்கு. தூக்க முடியல." வலது கையைக் கைப்பிடியோடு முந்தானை மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

பூசாரி அவளை ஒரு கணம் பார்த்தார். "அக்குறணையில வேலை பாக்குறியாம்?"

"ஆமா."

"என்ன வேலை?"

"மர வேலை."

அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. ஆனால் கூட்டம் காத்திருந்தது, உடுக்கை தொடங்கிவிட்டது. இனி எழுந்து போக அவராலும் முடியாது. ரவிகுமார் சொன்னபடியே தனுஜாவுக்கு வலது பக்கம், பலகையின் ஓரத்தை ஒட்டிச் சம்மணமிட்டிருந்தான். குனிந்து, "மேட்ச் ஆரம்பமா?" என்று காதருகில் கேட்டான்.

பழம் நடுங்கியது.

தனுஜா பழத்தைப் பார்க்கவில்லை. பூசாரியின் தோளைப் பார்த்தாள். வலது தோள் மெல்ல முன்னால் வந்தது. பழம் அம்மன் பக்கம் சாய்ந்து, நின்று, திரும்பியது. சிவப்புத் துணிக்குக் கீழே அவள் கையை நுழைத்தாள். கைப்பிடியைப் பலகையின் அடியில், தன் விளிம்புக்கு உள்ளே வைத்து அழுத்தினாள்.

பழம் வந்தது. பாதி தூரம் தாண்டி வந்தது. அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

உடுக்கை தடுமாறியது. யாரோ, "நின்னிருச்சு" என்றார்கள். பூசாரியின் தோள் மறுபடி முன்னால் வந்தது. பழம் அசைந்து, தலையை ஆட்டி, அங்கேயே நின்றது. அவர் நெற்றியில் வியர்வை. அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. கீழே இன்னொரு கை இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேசையில் பெண்களோடு ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தனுஜா அப்படி ஒரு முகத்தை எதிரே பார்த்ததில்லை.

அவள் ரவிகுமாருக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் துணியைப் பிடிக்கக் குனிந்தான்.

அதே நொடியில் பூசாரி முழுப் பலத்தோடு கையைத் தள்ளினார். இழுக்கிற காந்தமும் தள்ளுகிற காந்தமும் அருகருகே வந்தால் ஒன்றையொன்று விடாது. பலகைக்கு அடியில் 'டக்' என்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. பூசாரியின் விரல் நடுவில் சிக்கியது. அவர் "ஆ" என்றார். மேலே, பிடி இழந்த குமிழ் எண்ணெயில் வழுக்கி, பக்கவாட்டில் தெறித்து, தாழ்ந்த விளிம்பைத் தாண்டி, குனிந்திருந்த ரவிகுமாரின் மடியில் விழுந்தது.

அவனுடைய வெள்ளைச் சாரத்தில் குங்குமம் தெறித்திருந்தது.

தனுஜா இரண்டு கைப்பிடிகளையும் வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்தாள். "பாருங்க. காந்தம். இதுதான் பழத்தை நகர்த்துது. இது நான் செஞ்சது, எங்க பட்டறையில செய்றது. ஆயா எதையும் எடுக்கல, யாரும்..."

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. ரவிகுமாரின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வாய் திறந்தவள் பாலாம்பிகை. தூணோரம் இருந்தவள் எழுந்து, கையைக் கூப்பி, அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா சொல்லிட்டா. நான் எடுக்கலன்னு சொன்னேன்ல. அம்மா சொல்லிட்டா."

"ஆயா, அது வழுக்கி விழுந்தது" என்றாள் தனுஜா.

பூசாரி நசுங்கிய விரலை மடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரும் புத்திசாலி. கல்வி கிடைத்திருந்தால் நல்ல வக்கீல் ஆகியிருப்பார்.

"ஆமா, காந்தந்தான்" என்றார் அமைதியாக. "நான் ஒளிக்கல. வேலும் இரும்புதானே, சூலமும் இரும்புதானே, அதுல அவ வரலயா? இப்ப நான் கேக்குறேன், எல்லாரும் கேளுங்க. என் கையில ஒண்ணு இருந்துச்சு. நான் அந்தப் பையன் பக்கம் தள்ளல. ஒங்கையில ஒண்ணு இருந்துச்சு. நீ தள்ளினியாம்மா?"

"இல்ல, ஆனா..."

"நானும் தள்ளல, நீயும் தள்ளல. அப்ப யாரு தள்ளினது?"

தனுஜாவிடம் பதில் இருந்தது. இரண்டு முகம், ஒட்டுவது, விலகுவது, எண்ணெய். அவள் சொல்லவும் செய்தாள். மறுபடி தொடங்கிய உடுக்கைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன? உண்மையை விளக்க ஐந்து வாக்கியம் வேண்டும். பொய்க்கு ஒரு கேள்வி போதும்.

"இவன் அன்னைக்கே பழத்துக்கு லைசன்ஸ் கேட்டவன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சிரிச்சான்ல. இப்பப் பாரு."

"அக்கா," என்றான் ரவிகுமார். இன்னும் பாதிச் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "சொல்லுங்கக்கா இவங்களுக்கு."

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அதுவும் வழக்கம். தட்டில் கொளுத்தினால் கையால் ஒரே அடியில் அணைத்துவிடலாம். அவனுக்கு உள்ளங்கையிலேயே வைத்தார்கள். மெய் சொல்கிறவன் கை வேகாதாம். மனிதத் தோல் வேகும் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தச் சாத்திரமும் படிக்கத் தேவையில்லை. அடுப்பில் ரொட்டி சுடுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அங்கே அது தெரிந்திருந்தது. தனுஜா பாய்ந்து தட்டிவிடப் போனபோது அண்ணன் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். "எம் புள்ளைங்கடி, எம் புள்ளைங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கை வெந்தது. ஆகவே அவன்தான் கள்ளன்.

*

ரவிகுமாரும் தாயும் அந்த வாரமே மலையிறங்கினார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் தனுஜா அவனைப் போய்ப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாக் கதிரையில் இருந்தான். விரல்களை மடக்க முடியவில்லை. மருந்துத் தாங்கியின் விசையை இனி அந்தக் கையால் அழுத்த முடியாது. பொலிசில் சொல்வோம், நான் சாட்சி சொல்கிறேன் என்றாள்.

"வேணாங்க்கா. தங்கம் காணாமப் போன கேசையும் சேத்து எந்தலையில போடுவாங்க." பிறகு கேட்டான்: "நெசமாவே நீங்க தள்ளலையா?"

"என்ன கேக்குற?"

"சும்மா கேட்டேன்."

அவனும் கேட்டுவிட்டான்.

தாலியை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் தேடவில்லை. பலகை சொன்ன பிறகு தேட என்ன இருக்கிறது?

சித்திரை கழிந்து அண்ணன் போன் எடுத்தான். பக்கத்து டிவிஷனில் ஏதோ காணவில்லை, பூசாரி கூப்பிடுகிறார் என்றான். "ரெண்டு பேரு கை வெச்சாத்தான் அம்மன் குதிக்கிறாளாம். தனியா வெச்சா அவரு நகர்த்துறாருன்னு ஆளுங்க பேசுவாங்க. எதிரும் புதிருமா ரெண்டு கை இருந்தா யாரும் பேச முடியாது. நீ வந்து ஒக்காருவியா?"

"போனை வை" என்றாள் தனுஜா.

பட்டறையில் அவள் வேலையைத் தொடர்ந்தாள். வேறு வேலை தெரியாது. ஒவ்வொரு கைப்பிடியையும் ஒரு குமிழின் மேல் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டாள். மஹ்ரூப் கவனித்தார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், தலைவலி என்பாள்.

ஆனாலும் பாலாம்பிகையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள், காம்பரா இருக்கிறது, வேலை இருக்கிறது. அந்த ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிறு போனாள். காம்பரா பூட்டியிருந்தது. கோயில் பக்கம் உடுக்கை கேட்டது.

மண்டப வாசலில் போய் நின்றாள். போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். முன்வரிசையில் தெரியாத முகங்கள், வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஆண்களும் பெண்களுமாக வட்டமாக உட்கார்ந்து, முழங்கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே பலகை. ஒரு பக்கம் நடராஜா பூசாரி. எதிர்ப்பக்கம், புதுச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பாலாம்பிகை. அவளுடைய இடது கை விளிம்பில் இருந்தது. வலது கை, தனுஜா அன்று மண்டபத்தில் விட்டுப்போன கைப்பிடியோடு, சிவப்புத் துணிக்குள்.

பாலாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். தனுஜாவைக் கண்டாள். முகத்தில் வெட்கமும் இல்லை, கர்வமும் இல்லை. குழந்தைக்கு ஊட்டும்போது, கதவில் யார் என்று பார்த்துவிட்டு மறுபடி கிண்ணத்துக்குத் திரும்புகிற முகம். மறுபடி சந்தேகத்தில் உட்கார வைக்கப்படாமல் இருக்க அந்த மலையில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

குமிழ் நடுங்கியது. பழம் வட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல மெல்லத் திரும்பியது. அது போகிற பக்கமெல்லாம் ஆட்கள் பின்னால் சாய்ந்தார்கள். வரிசையில் ஒரு நடுவயது ஆளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பழம் அவரைக் கடந்தது. வாசல் பக்கமாகத் திரும்பியது.

"தள்ளி நில்லு தங்கச்சி," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர், மரியாதையாகத்தான். "நேரா நிக்காதே."

தனுஜாவுக்குத் தெரியும், இப்போது அங்கே எந்தத் தோள் முன்னால் வருகிறது, எந்த முகம் மேலே இருக்கிறது, பசை எத்தனை துளி என்று. அந்தக் காந்தத்தை அழுத்திய விரல் அவளுடையது.

பழம் வாசலைப் பார்த்து வந்தது. அவள் ஓர் அடி விலகி நின்றிருந்தாள். எப்போது விலகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.